மேஸ்திரி வந்த கப்பல்

வீட்டுக்குக் கான்கிரீட் தளம் போட வேண்டிய வாரத்தில், மேஸ்திரி என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று மேஸ்திரியிடமே விளக்கிச் சொன்ன ஆள் நான். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் இப்படி ஒருத்தன் கிடைக்க மாட்டான் என்று என் மனைவி இன்றைக்கும் விருந்தாளிகளிடம் சொல்கிறாள். சொல்லும்போது அவள் முகத்தில் பெருமை தெரிகிறதா என்று நானும் பலமுறை பார்த்துவிட்டேன்.

எனக்கு வேலை அரியலூரில், ஒரு சிமெண்ட் ஆலையின் எடைமேடையில். லாரி வரும், ஏறும், சீட்டுக் கிழித்துக் கொடுப்பேன், போகும். ஒரு லாரி போய் அடுத்தது வரும்வரை அகராதி படிப்பேன். பக்கத்து இருக்கைக்காரர் பாக்குப் போடுவார். அவர் பழக்கத்தால் அவர் பல் மட்டும்தான் கெட்டது.

வீடு கட்டியது பெரம்பலூரில், அரியலூர் சாலையில் வாங்கிப் போட்டிருந்த மனையில். சுவர் எழும்பி, தளத்துக்குத் தகடு அடித்து, அதைத் தாங்க முட்டுக் கொடுத்து, மேலே கம்பியும் கட்டி முடிந்திருந்தது. கான்கிரீட் கொட்ட வேண்டியதுதான் பாக்கி. அந்தத் திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு மனையில் நின்றேன். பத்து மணி டீ வந்தது. மேஸ்திரி கிளாஸை வாங்கிக்கொண்டு செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். அதிகம் பேச மாட்டார். பேசாத ஆளைக் கண்டால் என் நாக்குக்கு எங்கிருந்துதான் அந்த உற்சாகம் வருமோ.

"மேஸ்திரி, உங்க பேருல ஒரு சங்கதி இருக்கு, தெரியுமா?"

"எங்கப்பா வச்ச பேருல என்னா சார் சங்கதி?"

"அந்தப் பேரு இல்லங்க. மேஸ்திரிங்கற பேரு. அது தமிழே கிடையாது. போர்ச்சுக்கீசியக்காரன் கப்பல்ல கொண்டாந்தது. அவன் ஊர்ல மெஸ்த்ரேன்னு சொல்லுவான். தொழிலை முழுசாத் தெரிஞ்சவன், நாலு பேரை வச்சு வேலை வாங்குறவன், கத்துக்குடுக்குறவன், எல்லாருக்கும் அதான் பேரு."

அவர் ஒரு வாய் குடித்தார். "அப்ப அவன் வர்றதுக்கு முன்னாடி இங்க செவுரே எழும்பலியா?"

"எழும்பாம என்ன? அதுக்குத்தான் கொத்தனாருன்னு நம்ம சொல்லு இருக்கே. கொத்துறவரு கொத்தனாரு. கைவேலை செய்யறவருக்கு நம்மகிட்டயே பேரு இருந்துச்சு. ஆளு வச்சு வேலை வாங்கி, நல்லது கெட்டதுக்கு பதில் சொல்றவருக்குத்தான் கப்பல்காரன் பேரை எடுத்துக்கிட்டோம்."

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கப்பல் கரைக்கு வந்துவிட்டது, சரக்கை இறக்காமல் எப்படி விடுவது? ஜன்னல் அவன் சொல் என்றேன். சாவி அவன் சொல். அலமாரி, மேசை எல்லாம் அதே கப்பலில் வந்தவை. சுவரில் காலியாக இருந்த ஜன்னல் ஓட்டைகளைக் கையால் காட்டிக் காட்டிச் சொன்னேன்.

கலவைச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்த சித்தாள் அம்மா, "அப்ப இந்த வூட்டுல நமக்குன்னு என்னதான் சார் மிஞ்சுது?" என்று கேட்டார்.

"வாசப்படி" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நடுவில் மேஸ்திரி என்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார், சொன்னார் என்றும் நினைக்கிறேன். நான் அப்போது அலமாரியை இறக்கிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது அவர் டீ கிளாஸைக் கீழே வைத்திருந்தார். பாதி டீ அப்படியே இருந்தது. சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு, "வரேன் சார்" என்று மொபெட்டை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை யாரும் வரவில்லை. போன் செய்தேன், அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் சொன்னாள். புதன்கிழமையும் அதே பெண், அதே செய்தி. ஐப்பசி வானம் மேற்கே கறுத்துக்கொண்டு நின்றது. கட்டின கம்பி மழையில் நனைந்தால் துருப்பிடிக்கும், முட்டுக்குக் கீழே மண் இளகினால் முட்டு இறங்கும், அடுக்கி வைத்த சிமெண்ட் மூட்டை இறுகிக் கல்லாகும். நாளொன்றுக்கு இத்தனை சிமெண்ட் லாரியை எடை போட்டு அனுப்புகிறவன், சொந்த வீட்டில் மூட்டைமேல் சாக்கைப் போட்டு மூடுவதும், மேகம் விலகினால் எடுப்பதும், மறுபடி போடுவதுமாக இருந்தேன்.

மனைவி கேட்டாள், "ஏங்க, அந்த மனுசன்கிட்ட என்னா சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. ஒரு சொல்லோட வரலாறு சொன்னேன்."

"என்னா வரலாறு?"

சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு முழுவதும் கேட்டாள்.

"இருவது வருசமா மேஸ்திரின்னு தலை நிமிந்து நடந்த ஆளு. அவரை நாலு பேருக்கு முன்னாடி உட்காரவச்சு, உம்பேரு உனக்கே சொந்தமில்லன்னு சொல்லியிருக்கீங்க. டீயைப் பாதியில வச்சுட்டுப் போனாருல்ல? எங்கப்பா இப்படித்தான் ஒரு பந்தியில எலையைப் பாதியில மூடுனாரு. அந்த வூட்டுப் பக்கம் அப்புறம் திரும்பவே இல்ல."

அதுவரை எனக்கு இருந்தது சாதாரணக் கவலை. இலையை மூடிய கதையைக் கேட்டபிறகு சாப்பாட்டை நானும் பாதியில் விட்டு எழுந்தேன். வியாழக்கிழமை காலை எடைமேடையில் ஒரு லாரிக்காரர் சீட்டைத் திருப்பிக் கொண்டுவந்து நீட்டினார். "சார், வண்டி நம்பர் எழுதற எடத்துல மெஸ்த்ரேன்னு எழுதியிருக்கீங்க. இது எந்த ஸ்டேட்டு வண்டி சார்?"

அவர் போனதும் அகராதியைத் திறந்தேன். சொல்லால் வந்த வினையைச் சொல்லாலேயே தீர்ப்பது என்று முடிவு செய்திருந்தேன். கப்பல் ஏறாத, கலப்பில்லாத, கேட்டதும் மேஸ்திரி நிமிர்ந்து உட்காரும்படியான ஒரு சொல் வேண்டும். முதலில் கம்மியர் அகப்பட்டது. பழைய சொல், கைத்தொழிலில் தேர்ந்தவர்களுக்கு அந்தக் காலத்திலிருந்தே வழங்கியது, இன்றைக்கும் ஐ.டி.ஐ. பலகைகளில் இருக்கிறது. ஆனால் கோபத்தில் இருக்கும் ஆளிடம் போய்க் கம்மி என்று தொடங்கும் எதையும் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. வினைஞர் நல்ல சொல்தான், ஆனால் செய்வினை வைத்துவிட்டதாக அவர் வீட்டில் பயப்படலாம். நிபுணர் வடக்கிலிருந்து வந்தது. கடலிலிருந்து காப்பாற்றித் தரைவழியாகக் கொண்டுபோய் விட்ட மாதிரி ஆகிவிடும். கடைசியில் வல்லுநரில் வந்து நின்றேன். வல் என்றால் வலிமை, திறமை. வல்லவர் வல்லுநர். மண்ணிலேயே முளைத்த சொல். கட்டுமான வல்லுநர்! வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து இருக்கைக்காரர் பாக்கை மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

சொல் கிடைத்துவிட்டது, அதை அவரிடம் எப்படிச் சேர்ப்பது? போன் இல்லை. அவர் வீடு எந்தத் தெரு என்றும் தெரியாது. மாதக்கணக்கில் என் வீட்டைக் கட்டுகிறவர் எங்கே குடியிருக்கிறார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் பேர் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பது மட்டும் தெரியும்.

எங்கள் ஊரில் மரியாதை செய்வதற்கு ஒரே வழிதான். காதுகுத்தா, பூப்புனித நீராட்டா, பதவி உயர்வா, எல்லாவற்றுக்கும் ஒரு ஃபிளெக்ஸ். மனைக்கு முன்னால் மேஸ்திரியின் படத்தோடு ஒரு ஃபிளெக்ஸ் கட்டினால், சாலையில் போகிற யாராவது அவரிடம் சொல்வார்கள், அவர் மனம் இளகும், வெள்ளிக்கிழமையோ சனிக்கிழமையோ வந்துவிடுவார். அன்று சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கி நேரே பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஃபிளெக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் வயதுக்காரர், மூக்கு நுனியில் கண்ணாடி.

"யாருக்குண்ணே?"

"எங்க மேஸ்திரிக்கு."

"என்னாச்சு அவருக்கு?"

"திங்கக்கிழமை டீ குடிச்சுட்டு இருந்தாரு. திடீர்னு கிளாஸைக் கீழ வச்சாரு. அவ்ளோதாங்க." போனில் அவர் படத்தைத் தேடிக்கொண்டே சொன்னேன். "நம்மகூட இருக்கறப்ப ஒரு மரியாதை செய்யல. இப்பவாவது செய்யலேன்னா மனசு கேக்காதுங்க."

"விடுங்கண்ணே" என்றார் கடைக்காரர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நம்ம கையில என்னா இருக்கு?"

எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். பூமி பூஜையன்று மேஸ்திரி கைகூப்பி நின்ற படம் என் போனில் இருந்தது, அதை அனுப்பினேன். கீழே 'கட்டுமான வல்லுநர்' என்று பெரிய எழுத்தில் போடச் சொன்னேன். அதற்குக் கீழே, நானே யோசித்து, 'உங்கள் உழைப்பை என்றும் மறவோம்' என்று ஒரு வரி. மற்றதையெல்லாம் அவர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அச்சுக்குப் போகும்முன் சரிபார்க்கக் கூப்பிட்டார். வல்லுநர் வந்து விழுந்திருந்தது வல்லுனர் என்று. அதற்காக அரைமணி நேரம் வாதாடி ந-வை நிலைநாட்டினேன். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மனைக்குக் கொண்டுபோய் இருட்டிலேயே முன்பக்கச் சவுக்குக் கம்புகளில் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு மனைவியையும் அழைத்துக்கொண்டு மனைக்குப் போனேன். பலனைப் பார்க்க. ஜல்லிக் குவியல்மேல் சித்தாள் அம்மா உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை கான்கிரீட்டு, வந்துரு ஆத்தான்னு சொல்லிட்டுப் போன வாயி! பாதி டீயோட போயிட்டியேப்பா!"

பக்கத்தில் இரண்டு பைக். ஒருவர் கையில் பெரிய ரோஜா மாலை. என்னைப் பார்த்ததும் வந்தார்.

"நீங்கதான் வூட்டுக்காரருங்களா? நான் அவரு மச்சினன், பூலாம்பாடி. போட்டோ வாட்ஸப்புல வந்துச்சு. மாமாவுக்கு அடிச்சா போன் போகல. எப்ப சார் நடந்துச்சு?"

"திங்கக்கிழமைங்க."

"திங்கக்கிழமையா! ஒரு வார்த்தை சொல்லலியே சார். எப்படி?"

"டீ குடிச்சுக்கிட்டு இருந்தாரு. நான்தான் ஒண்ணு சொல்லிட்டேன். தப்புதான்."

"என்னா சொன்னீங்க?"

"மேஸ்திரிங்கறது போர்ச்சுக்கீசியச் சொல்லுன்னு."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "அதுக்கேவா?" என்றார்.

"எனக்கும் அதேதாங்க ஆச்சரியம்."

"அக்காகிட்ட இன்னும் சொல்லல சார். திருவிழாவுக்கு வந்து எங்க வூட்டுலதான் இருக்கு. கோலம் போட்டுக்கிட்டு இருந்துச்சு, சொல்ல மனசு வரல. சரி, எங்க சார் வச்சிருக்கீங்க?"

எதை என்று கேட்க வாயைத் திறந்தேன். என் மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்து ஃபிளெக்ஸ் பக்கம் திருப்பினாள்.

அப்போதுதான் அதை முழுவதுமாகப் பார்த்தேன். நடுவில் கைகூப்பிய மேஸ்திரி. இரண்டு பக்கமும் எரியும் குத்துவிளக்கு. தலைக்குமேல் வெள்ளைப் புறா ஒன்று பறந்தது. சுற்றிலும் ரோஜா இதழ்கள். என்றும் மறவோம். வல்லுநரில் மட்டும் ந சரியாக இருந்தது.

ஒரு ஆளைச் சமாதானம் செய்யப் போய் அவரைச் சாகடித்து, அதையும் பிழையில்லாமல் செய்திருக்கிறேன். மச்சினனிடம் சொல்லலாம் என்று திரும்பினேன். அதற்குள் இன்னொரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. நாலு நாளாகப் போன் இல்லை. சொந்த மச்சினனுக்கே போகவில்லை. ஒருவேளை நிஜமாகவே ஏதாவது ஆகியிருந்தால்? சாரத்தில் ஏறுகிற மனிதர். சிமெண்ட் லாரி ஓடும் சாலையில் மொபெட்டில் போகிறவர். அந்த நிமிடம் தளம், மழை, சிமெண்ட் எல்லாம் மறந்து போயிற்று. அந்த ஆள் எங்கேயாவது உயிரோடு உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டிருந்தால் போதும் என்றிருந்தது.

சாலையில் தடதடவென்று சத்தம். ஒரு டிராக்டர் கலவை மிஷினை இழுத்துக்கொண்டு வந்தது. பின்னால் ஒரு வண்டி நிறைய ஆட்கள். எல்லாருக்கும் முன்னால் மொபெட்டில், தலையில் துண்டோடு, மேஸ்திரி.

சித்தாள் அம்மா அடித்துக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தினார். மச்சினன் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். மேஸ்திரி வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு ஃபிளெக்ஸ் முன்னால் போய் நின்றார். விளக்கைப் பார்த்தார், புறாவைப் பார்த்தார். எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார். படித்து முடித்து என்னிடம் திரும்பினார்.

"மூணு நாளு வேலைக்கு வரலைன்னா கொன்னே போட்டுருவீங்களா சார்?"

"நீங்க... கோச்சுக்கிட்டுப் போயிட்டீங்கன்னு..."

"எதுக்குக் கோச்சுக்கறேன்?"

"மேஸ்திரிங்கறது போர்ச்சுக்கீசு..."

"அதுவா? அதை அன்னைக்கே மறந்துட்டனே."

"பாதி டீயை வச்சுட்டுப் போனீங்களே!"

"ஈ கெடந்துச்சு சார்."

என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

"கம்பி கட்டியாச்சு, கலவைக்காரங்க வெள்ளிக்கிழமைதான் வருவாங்க, அதுவரைக்கும் எனக்கு இங்க வேலையில்ல, வாலிகண்டபுரத்துல ஒரு பூச்சு வேலை இருக்கு, முடிச்சுட்டு ஆளோட வந்துடறேன்னு திங்கக்கிழமையே சொன்னனே சார். உங்க மூஞ்சிக்கு நேராத்தான் சொன்னேன்."

"எப்பங்க சொன்னீங்க?"

"நீங்க கப்பல்ல இருந்தீங்க."

போன்? போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து, உலர்வதற்காக அரிசி டப்பாவுக்குள் கிடக்கிறதாம். சித்தாள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, துக்கத்தையெல்லாம் கோபமாக மாற்றி என்னைப் பார்த்தார். மச்சினனுக்கு ஒன்று மட்டும் மனதைவிட்டுப் போகவில்லை. "பூலாம்பாடியில பாதிப் பேரு நம்பிட்டாங்க மாமா. புறாவைக்கூட நான் பெருசா எடுத்துக்கல. வல்லுநர்னு போட்டிருந்துச்சு பாரு, அங்கதான் எனக்குக் கையி காலு ஓடல."

"பின்ன?" என்றார் மேஸ்திரி. "உசுரோட இருக்கறவனை யாரு அப்படிச் சொல்லுவா? மேஸ்திரின்னு போட்டிருந்தா, எங்கயாச்சும் வேலைக்குப் போயிருப்பான், வருவான்னு விட்டுருப்பீங்க."

அகராதியை அவ்வளவு புரட்டியும் எனக்குக் கிடைக்காத பொருள் விளக்கம் அது. குறித்துக்கொள்ளப் பையில் பேனாவைத் தேடினேன். மனைவி பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அந்த மாலையை இப்படிக் குடு" என்று மேஸ்திரி மச்சினனிடம் வாங்கி, கலவை மிஷினுக்குப் போட்டார். சூடம் ஏற்றி, பூசணிக்காய் உடைத்து, முதல் சட்டிக் கலவையை என் மனைவி கையால் கொட்டவைத்தார். முறைப்படி வீட்டுக்காரரும் கொட்ட வேண்டும். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. பூலாம்பாடியிலிருந்து துக்கத்துக்கு வந்த இரண்டு பைக் ஆட்களும் சட்டையைக் கழற்றிவிட்டுச் சட்டி தூக்கினார்கள்.

நடுவில் என் போனில் மேஸ்திரி தன் வீட்டம்மாவைக் கூப்பிட்டார். பயப்படாமல் இருக்க முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று.

"நான்தான்... இல்ல, போன் அரிசில கெடக்கு... யாராச்சும் வந்து எதாச்சும் சொன்னா அழாத... நல்லாத்தான் இருக்கேன்... இல்ல, சாரு ஒரு போர்டு வச்சிட்டாரு... என்னாவா? வல்லுநராம்."

அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். மேஸ்திரி முதல்முறையாகச் சத்தமாகச் சிரித்தார். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "அதை வந்து வூட்டுல சொல்லிப் பாருங்கன்னுது" என்றார்.

மதியம் மூன்று மணிக்குக் கடைசிச் சட்டி விழுந்தது. மட்டப்பலகையால் இழுத்து முடிக்கவும் வடக்கு மூலையில் தூறல் ஆரம்பிக்கவும் சரியாக இருந்தது. "மழை! மழை!" என்று கத்தினேன், மழையை மற்றவர்களுக்கு அறிமுகம் செய்கிற மாதிரி. தார்ப்பாய் இரண்டுதான் இருந்தது. ஒரு மூலை மூடாமல் கிடந்தது. மேஸ்திரி கீழே பார்த்தார். "அந்த வல்லுநரை அவுத்துக் குடுங்க சார்" என்றார்.

அவிழ்த்துக் கொடுத்தேன். விரித்துப் போட்டு நாலு பக்கமும் செங்கல் வைத்தார். ஈரக் கான்கிரீட்டுக்குமேல் குத்துவிளக்கு, புறா, நடுவில் கைகூப்பிக்கொண்டு அவரே மல்லாந்து கிடந்தார். தூறல் கால்மணி நேரத்தில் நின்றது. ஒரு பொட்டுப் பள்ளம் விழவில்லை.

ஆட்கள் கை கால் கழுவினார்கள். தார்ப்பாயின்மேல் விழுந்து தெறித்த தூறலைப் பார்த்தபோது எனக்குத் தார்ப்பாய் என்ற சொல் ஞாபகத்துக்கு வந்தது. அதில் பாய் தமிழ், தார் இங்கிலீஷ்காரன் கப்பல். வாயைத் திறந்தேன். மேஸ்திரி மொபெட்டில் உட்கார்ந்தபடி விரலை நீட்டினார்.

"சார், கப்பலை எறக்காதீங்க. இங்க பாருங்க. நாளைக்கு நான் வரமாட்டேன். சித்தாளு வந்து தளத்துமேல பாத்தி கட்டித் தண்ணி நிறுத்திடும். காலையும் சாயங்காலமும் தண்ணி வத்தாம நீங்க பாத்துக்கணும். முட்டு பிரிக்க மூணு வாரம் கழிச்சுத்தான் வருவேன். நடுவுல முடிஞ்சா வருவேன், வரலைன்னா உசுரோட இருக்கேன்னு அர்த்தம். கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"திருப்பிச் சொல்லுங்க."

என் மனைவி, சித்தாள் அம்மா, மச்சினன், கலவைக்காரர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். நான் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னேன். தண்ணீர் காலையும் சாயங்காலமும் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். அதை அவர் எடுத்துக் கொடுத்தார், அதையும் சொன்னேன். அதற்குப் பிறகுதான் வண்டியை உதைத்தார்.